பத்துப் பிரேரணைகள்

நம் கல்லூரியின் சொற்போர்க் கழகத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்ந்த விவாதங்களை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலரும் மறந்திரார். நகர வாழ்க்கையே சிறந்தது என்று ஒரு கட்சியார் முழங்குவர். கிராம வாழ்க்கையே சிறந்தது என்று மறுகட்சியார் மேசையைத் தட்டுவர். தலைமை வகிக்கும் ஆசிரியர் மணியடிப்பார். முடிவில் கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணுவர். எண்ணிக்கை ஏட்டில் ஏறும். யாவரும் விடுதிக்குச் சென்று இராவுணவு கொள்வோம். நகரமும் கிராமமும் முன்னிருந்தபடியே இருக்கும். எம் கட்சி தோற்ற இரவுகளிலும் யாம் நன்றாகவே உறங்கினோம். தோல்வியினால் எவருக்கும் ஒரு காசும் நட்டமில்லை என்பது அப்பொழுதே எமக்குத் தெரியும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தில் நெடுநாள் வசித்து, அந்நாட்டுக் குடியுரிமையும் ஏற்று, தலை நரைத்த இக்காலத்தில் அந்த வெள்ளிக்கிழமை விவாதம் மறுபடியும் எம்மை வந்து பற்றிக்கொள்ளும் என்று யாம் கனவிலும் கருதினோமில்லை. 2024-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி நடந்த தேர்தலில் நாட்டின் தலைவரையும் மற்றையோரையும் தேர்ந்தெடுப்பதோடு, பத்துப் பிரேரணைகளுக்குத் தனித்தனியே ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை எழுதும்படி எம்மைக் கேட்டார்கள். ஆம் என்போர் மிகுந்தால் அது சட்டம். சில, மாகாணத்தின் அரசியலமைப்பிலேயே ஏறிவிடும். மக்கள் தாமே கொணர்ந்து இயற்றிய சட்டத்தை, அச்சட்டமே இடங்கொடுத்தாலன்றி, மக்களைக் கேளாமல் சட்டசபையார் திருத்தவும் முடியாது. கையுயர்த்திவிட்டு விடுதிக்குப் போய் உறங்கும் விவாதம் அன்று இது.

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பாக வாக்காளர் இல்லங்களுக்கு மாகாண அரசாங்கம் ஒரு புத்தகம் அனுப்புகிறது. ஒவ்வொரு பிரேரணைக்கும் மாகாணத் தலைமை வழக்கறிஞர் எழுதிய தலைப்பும் சுருக்கமும் முதலில் நிற்கும். அடுத்து, கட்சிச் சார்பற்ற ஆய்வாளர் ஒருவரின் அலுவலகம் கணக்கிட்ட வரவு செலவு. அதன்பின் ஆதரிப்போர் வாதம், அதற்கு எதிர்ப்போர் மறுப்பு. எதிர்ப்போர் வாதம், அதற்கு ஆதரிப்போர் மறுப்பு. எம் சொற்போர்க் கழகத்தையே அச்சிற் போட்டதுபோல் இருக்கும். மணியடிக்கும் ஆசிரியர் ஒருவரே குறை; ஆதலின் இரு கட்சியாரும் பெரிய எழுத்துக்களிலும் ஆச்சரியக் குறிகளிலும் கூச்சலிடுகின்றனர். கணக்காய்வாளரின் பக்கங்களே சுவையற்றவை. அவற்றையே முதலில் படிக்க வேண்டுமென்று பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இவ்வழக்கம் 1911-ம் ஆண்டில் தோன்றியது. அக்காலத்தில் ஸதர்ன் பஸிபிக் என்னும் இருப்புப்பாதைக் கம்பெனியார் மாகாணத்துச் சட்டசபையையும் கட்சிகளையும் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்தனர். அப்பிடியை உடைப்பேன் என்று சொல்லி ஆளுநரானவர் ஹைரம் ஜான்ஸன். சட்டசபை செய்யத் தவறிய சட்டத்தை மக்கள் தாமே கொணரவும், அது செய்த சட்டத்தை மக்கள் தடுக்கவும், பதவியிலிருப்போரை இடையிலேயே இறக்கவும் உரிமை வேண்டுமென்று அவர் வாதாடினார். 1911 அக்டோபர் 10-ந் தேதி மக்கள் அதற்கு இசைந்தனர். அதே நாளில் அம்மாகாணத்துப் பெண்மக்கள் வாக்குரிமையும் பெற்றனர். வித்தியாசம் 3,587 வாக்குகளே.

இவ்வளவும் கேட்க இன்பமாயிருக்கிறது. ஆனால் மக்கள் கையிற் கொடுத்த வாளை மக்கள் எவர்மேல் வீசினர் என்பதையும் சொல்லாவிட்டால் யாம் பாதி உண்மையே சொன்னவராவோம். 1920-ம் ஆண்டில், குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் விளைநிலத்தை வாங்குதல் மட்டுமன்றிக் குத்தகைக்கு எடுத்தலும் கூடாது என்று ஒரு பிரேரணை வந்தது; மக்கள் பெருவாரியாக ஆம் என்றனர். அது ஜப்பானியரைக் குறிவைத்து எழுந்தது. ஆயினும் 1923-ம் ஆண்டில் இந்தியரும் குடியுரிமைக்குத் தகுதியற்றவரே என்று அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அங்கே பருத்தியும் நெல்லும் பயிரிட்டிருந்த பஞ்சாபியர் தலைமேலும் அது விழுந்தது. 1946-ம் ஆண்டுச் சட்டத்தால்தான் இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது. 1956 நவம்பரில் மற்றொரு பிரேரணையால் மக்களே அந்த நிலச் சட்டத்தை நீக்கினர். அதே தேர்தலில், பஞ்சாபிற் பிறந்து அம்மாகாணத்தில் உழவராயிருந்த தலீப் சிங் சௌந்த் அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியருள் மட்டுமன்றி ஆசியர் அனைவருள்ளும் வாக்குரிமையுள்ள உறுப்பினராக அச்சபையில் முதன்முதல் அமர்ந்தவர் அவரே. யாம் இன்று வாக்கிடும் பெட்டி ஒருகாலத்தில் எம்மவரை நிலத்தினின்று வெளியேற்றிய பெட்டி என்பது, உறையை ஒட்டும்பொழுதெல்லாம் எம் நினைவுக்கு வருகிறது.

பிரேரணை ஒன்றைச் சீட்டில் ஏற்றுவது எளிதன்று. 2024-ல் சாதாரணச் சட்டத்துக்கு 546,651 வாக்காளரின் கையொப்பமும், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 874,641 கையொப்பமும் வேண்டியிருந்தன. கடைவாயில்களில் பலகையும் பேனாவுமாக நின்று கையொப்பம் சேர்ப்போர் பெரும்பாலும் கூலிக்கு நிற்பவரே. ஒப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்பது பேச்சு. காய்கறி வாங்கப் போன எம்மிடம் ஒரு வாலிபன் மூன்று மனுக்களை நீட்டினான். அவற்றுள் இரண்டு ஒன்றையொன்று வெட்டுவன! இருப்புப்பாதைக் கம்பெனியை அடக்க எழுந்த ஏற்பாடு, பணப்பெட்டி பெரிதாயுள்ள எந்தக் கம்பெனிக்கும் இன்று திறந்த வாயிலாயிருக்கிறது. 2020-ம் ஆண்டில் வாடகை மோட்டார் ஓட்டுநரைப் பற்றிய ஒரு பிரேரணைக்காக அத்தொழிற் கம்பெனிகள் இருபது கோடி டாலருக்கு மேல் செலவிட்டு வென்றன. ஹைரம் ஜான்ஸன் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ?

நிற்க. எம்முடைய வெட்கத்தையும் ஈண்டே சொல்லிவிடுவோம். அதே 2020-ம் ஆண்டுச் சீட்டில் 25-ம் எண்ணுடைய பிரேரணை ஒன்றிருந்தது. குற்றம் சாட்டப்பட்டோர் விசாரணைக்கு முன் பணம் கட்டி ஜாமீனில் வெளிவரும் முறையை ஒழித்து 2018-ல் சட்டசபை ஒரு சட்டம் செய்திருந்தது. ஜாமீன் வணிகர் கையொப்பம் சேர்த்து அச்சட்டத்தைத் தடுத்து மக்கள் முன் நிறுத்தினர். இவ்வகைப் பிரேரணையில் ‘ஆம்’ என்றால் சட்டம் நிலைக்கும். ‘இல்லை’ என்றால் சட்டம் ஒழியும். யாமோ, பணமுள்ளவன் வீட்டிலும் பணமற்றவன் சிறையிலும் விசாரணைக்குக் காத்திருப்பது அநீதி என்று கருதினவர். ‘பண ஜாமீன் வேண்டுமா?’ என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு, ‘இல்லை’ என்னும் வட்டத்தை மைதீட்டி நிரப்பி, உறையில் ஒப்பமிட்டு அஞ்சலிற் சேர்த்துவிட்டோம். மூன்று நாள் கழித்து எம் இல்லாள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, “நீங்கள் எதற்கு வாக்களித்தீர்கள்?” என்று கேட்டபொழுதுதான் உண்மை விளங்கிற்று. சட்டம் தோற்றது. நூற்றுக்கு ஐம்பத்தாறு பேருக்கு மேல் இல்லை என்றனர். எம் ஒருவர் பிழையால் அது தோற்கவில்லை. ஆயினும் எம்மைப்போல் எத்துணைப் பேர் தம் எண்ணத்துக்கு மாறாகவே மைதீட்டினரோ என்னும் ஐயம் இன்றளவும் தீர்ந்தபாடில்லை.

அதுமுதல் எம் வீட்டில் ஒரு விதி செய்தோம். தேர்தலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, நண்பர் குடும்பத்தோடு உணவருந்தியபின், புத்தகத்தை மேசைமேல் வைத்துப் பிரேரணைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘ஆம் என்றால் என்ன நிகழும், இல்லை என்றால் என்ன நிகழும்’ என்பதை ஒருவர் தம் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். அதன்பின்பே வாதம்.

2024 அக்டோபரில் கூடினோர் அறுவர்: யாம், எம் இல்லாள், பதினெட்டு நிரம்பி முதன்முறை வாக்களிக்கும் எம் மகள், மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர், அவர் மனைவி, அவருடைய தாயார். தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. பேரப்பிள்ளைகளை வளர்க்க வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. ஆயினும் அவர் இந்தியப் பிரஜையாகவே இருந்தமையால் வாக்குரிமையில்லை. மீன் குழம்பு அவர் சமையல். வாதத்தில் கலந்துகொள்ளமாட்டேன் என்று சொல்லிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

பள்ளிக் கட்டடங்களுக்கு ஆயிரங்கோடி டாலர் கடன் வாங்கும் இரண்டாவது பிரேரணையும், எந்த இருவரும் மணம்புரியும் உரிமை பற்றிய மூன்றாவதும், தண்ணீருக்கும் காட்டுத்தீக்குமான நான்காவதும் விரைவில் முடிந்தன. மூன்றாவதைப் பற்றிப் பெரியவர்களுக்குள் சிறிது மௌனம் நிலவிற்று, எம் மகள் அம்மௌனத்தைப் பொருட்படுத்தவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டைப் பற்றிய 33-ம் பிரேரணை 2018-லும் 2020-லும் தோற்று மூன்றாம் முறை வந்திருந்தது. அதன் பின்னாலே வந்த 34-ம் எண்ணே விசித்திரமானது. முகத்தைப் பார்த்தால் நோயாளிகளின் மருந்துச் செலவைப் பற்றியது; வயிற்றைக் கீறிப் பார்த்தால் வாடகைக் கட்டுப்பாட்டுக்குப் பணம் கொடுத்துவந்த ஒரே ஸ்தாபனத்தின் வாயை அடைக்க வீட்டுடைமைக்காரர் சங்கம் ஏற்பாடு செய்தது. இதனை விளங்கிக்கொள்ள எமக்கு முக்கால் மணி நேரமும் இரண்டு முறை தேநீரும் செலவாயின.

குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 16 டாலரிலிருந்து 18 ஆக்கும் 32-ம் பிரேரணையில் நண்பருக்கும் எம் மகளுக்கும் மூண்டது. “கடையில் நால்வர் வேலை செய்கிறார்கள், அண்ணாச்சி. கூலி ஏறினால் நான் அரிசி விலையை ஏற்றவேண்டும். ஏற்றினால் எதிர்க்கடைக்குப் போவார்கள். மூவராகக் குறைப்பேன், வேறென்ன செய்வது?” என்று எம்மைப் பார்த்து முறையிட்டார். “எதிர்க்கடைக்காரரும் அதே கூலி கொடுக்கவேண்டுமே, மாமா” என்றாள் மகள். நண்பர் சிரித்துவிட்டார்; ஆயினும் இசையவில்லை. எம் இல்லாள் ஆம் என்றும் யாம் இல்லை என்றும் முடிவு செய்தோம். ஒரே வீட்டிலிருந்து சென்ற இரு சீட்டுக்கள் ஒன்றையொன்று தின்றன. அப்பிரேரணை நூற்றுக்கு ஒன்றரை வீதத்தில் தோற்றபொழுது எம் மகள் இருவாரம் எம்மோடு அளவாகவே பேசினாள்.

மாலை சாய்ந்தபின் ஆறாவதற்கு வந்தோம். கலிபோர்னியா அரசியலமைப்பு அடிமைமுறையை விலக்குகிறது; விருப்பமில்லாதவனை வேலைவாங்குதலையும் விலக்குகிறது, ‘குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி’ என்னும் ஒரு விலக்கோடு. அமெரிக்க நாட்டு அரசியலமைப்பில் 1865-ல் சேர்ந்த பதின்மூன்றாந் திருத்தத்திலும் அவ்விலக்கு உண்டு. சிறையாளன் இட்ட வேலையை மறுத்தால் தண்டனை; செய்தாலோ பெரும்பான்மையோருக்கு மணிக்கு ஒரு டாலருக்கும் குறைந்த கூலி. அவ்விலக்கை மாகாண அளவில் நீக்குவதே ஆறாவது பிரேரணை. புத்தகத்தில் ‘எதிர்ப்போர் வாதம்’ இருக்கவேண்டிய இடத்தில், எதிர்வாதம் எதுவும் சமர்ப்பிக்கப்படவில்லை என்றிருந்தது. எதிர்ப்பே இல்லாதது தானே வெல்லும் என்று எண்ணி யாம் பக்கத்தைப் புரட்டப் போனோம்.

“சற்றுப் பொறுங்கள், நான் எதிர்க்கிறேன்” என்றார் நண்பர். அவர் கடையில் ஓராண்டுக்குள் இருமுறை திருட்டு நிகழ்ந்திருந்தது. ஒருமுறை கண்ணாடிக் கதவு முழுதும் நொறுங்கிற்று. திருட்டுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் 36-ம் பிரேரணைக்கு ஆம் என்று அவர் முன்னமே தீர்மானித்திருந்தார். “நான் காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறேன், என் கடையை உடைத்தவன் சிறையில் உண்டுறங்கிப் பாத்திரம் கழுவமாட்டேன் என்பானாம், அதற்கு நான் ஆம் என்று எழுதவேண்டுமாம். வேலை பழகினால் அவனுக்கும் நல்லதுதானே?” என்றார். அவர் சொன்னதில் நியாயமில்லை என்று எம்மாற் சொல்ல இயலவில்லை. 2022-ல் அலபாமா, டென்னஸி, ஆரிகன், வெர்மாண்ட் என்னும் நான்கு மாகாணத்தாரும் இத்தகைய விலக்கை நீக்கியதை எம் மகள் எடுத்துக்காட்டினாள். “அலபாமாவே நீக்கிற்று!” என்று அழுத்தினாள். நண்பர், “அலபாமாவில் எனக்குக் கடை இல்லையே, அம்மா” என்றார்.

அப்பொழுது சாய்வு நாற்காலியிலிருந்து, “துண்டு இல்லாமல் போனதற்கு என் தாத்தாவைச் சிறையில் போட்டார்கள்” என்று ஒரு குரல் வந்தது.

அத்தாயார் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர். அவர் பாட்டனார் கங்காணியிடம் முன்பணம் பெற்றுத் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர். முன்பணக் கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அஃதின்றி வேறு தோட்டத்துக்குப் போவது குற்றம். 1921-ம் ஆண்டில்தான் அம்முறை ஒழிந்தது. அதற்கு முன்னே, மழைக்காலத்தில் ஓரிரவு அவர் மனைவி மக்களோடு மலையிறங்கினார். பிடித்துக் கொணர்ந்தார்கள், சிறையில் கல்லுடைத்தார், வெளிவந்த பின் மீண்டும் அதே தோட்டத்துக்கே அனுப்பப்பட்டார். “வேலையை விட்டது குற்றம். குற்றத்துக்குத் தண்டனை வேலை. வேலை முடிந்தால் மறுபடியும் அந்த வேலை. திருடினாரா? இல்லையே!” என்றார் தாயார்.

“அது வேறு, அம்மா, இது வேறு” என்றார் நண்பர்.

“வேறுதான். ஆனால் எது குற்றம் என்று எழுதுகிறவனும் வேலை வாங்குகிறவனும் ஒரே ஆளானால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், தம்பி” என்றார். மகனைத் தம்பி என்றழைப்பது அவர் வழக்கம். பிறகு மேலும் ஒன்று சொன்னார். 1947-ல் இலங்கையில் நடந்த தேர்தலில் தோட்டத் தமிழர் வரிசையில் நின்று வாக்களித்தனர். அவர்களுடைய காங்கிரஸ் சில இடங்களை வென்றது. அவர் தந்தையும் வாக்களித்தவர். 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதன்பின் வந்த சட்டத்தாலும் அவர்கள் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவராயினர். அடுத்த தேர்தலில் அவர் தந்தையின் பெயர் பட்டியலில் இல்லை. 1964-ல் இரு நாட்டுத் தலைவர் செய்த உடன்படிக்கையின்படி, இளம்பெண்ணாயிருந்த இவர் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டு ஒன்று வந்தது. ஒரு நாடு தன்னைத் தன்னவள் என்று எழுதிக்கொடுத்த முதற் சீட்டு அதுவே. அதனைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமலே இத்தனை ஆண்டும் அமெரிக்கக் குடியுரிமை கேளாதிருந்தார் என்பதை அன்றுதான் அவர் மகனே முழுமையாக அறிந்தார் என்று தோன்றிற்று.

மேசையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. எம் இல்லாள் தட்டுக்களை எடுத்தாள். யாம் ஆறாவதற்கு ஆம் என்று எழுதினோம். இம்முறை வட்டத்தை நிரப்புமுன் ‘ஆம் என்றால் விலக்கு நீங்கும்’ என்று விரல் வைத்து இருமுறை படித்துக்கொண்டோம். நண்பர் தம் சீட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். என்ன எழுதினார் என்று யாம் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

ஆறாவது தோற்றது. நூற்றுக்கு ஐம்பத்துமூவர் இல்லை என்றனர். எதிர்வாதம் அச்சிடப்படாத பிரேரணை தோற்றதற்குப் பலர் பல காரணம் சொன்னார்கள். சீட்டின் தலைப்பில் ‘விருப்பமில்லா வேலை’ என்றிருந்ததேயன்றி ‘அடிமைத்தனம்’ என்னும் சொல் இல்லை. அதே நாளில் அடுத்த மாகாணமாகிய நெவாடாவில் அச்சொல்லோடு வந்த ஒத்த பிரேரணை எளிதில் வென்றது. சொல்லொன்றே காரணம் என்று யாம் துணியமாட்டோம். 36-ம் பிரேரணைக்கு மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஆம் என்ற ஆண்டு அது. எம் நண்பரைப்போல் கண்ணாடி நொறுங்கியவர் பலர். இரண்டு திங்கள் கழித்து, 2025 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்து தீ எரிந்தபொழுது, நூற்றுக்கணக்கான சிறையாளர் தீயணைப்போரோடு நின்று மண்வெட்டினர். அவர்கள் அவ்வேலையைத் தாமே விரும்பி ஏற்றவர். விரும்பி ஏற்போர் கிடைப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ என்று எம் மகள் கேட்டாள். ஒரு நாளைக்குப் பத்து டாலர் கொடுத்தால் எவன் விரும்புவான், சிறைக்கூடத்தை விட்டு வெளியே வர எதையும் விரும்புவான் அல்லனோ என்று யாம் மறுத்தோம். அவ்வாதம் இன்னும் முடியவில்லை.

தேர்தல் முடிவு வந்த வாரத்தில் அத்தாயார் எம்மைத் தொலைபேசியில் அழைத்து, ஆறாவது என்னவாயிற்று என்று கேட்டார். சொன்னோம். “எத்தனை வோட்டில்?” என்றார். அதையும் சொன்னோம். மறுவாரம் அவர் மகன் எம் வீட்டுக்கு வந்து, குடியுரிமை மனுவை எழுதித் தரவேண்டும் என்றார். அவர் வயதுக்கும் அங்கு வாழ்ந்த காலத்துக்கும் உரிய சலுகையால் அரசியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே விடைசொல்ல இடமிருந்தது. எம் மகள் சனிக்கிழமைதோறும் சென்று பாடம் சொன்னாள். 2025-ம் ஆண்டுக் கோடையில் அவர் உறுதிமொழி எடுத்தார். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்குமுன் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

அவ்வாண்டு நவம்பர் 4-ந் தேதி ஒரு தனித் தேர்தல் வந்தது. காங்கிரஸ் தொகுதிகளின் எல்லைகளைப் பற்றிய 50-ம் பிரேரணை. அக்டோபரில் சீட்டு வந்த அன்றே மேசையைச் சுற்றிக் கூடினோம். தாயார் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு உறையைக் கத்தியால் ஒழுங்காகக் கீறினார். சீட்டை விரித்தார், முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், உறைக்குள்ளும் ஒருமுறை விரல் விட்டுத் துழாவினார்.

“ஒன்றுதானா?” என்றார்.